நீட்டிய கை

அன்புள்ள அம்மாவுக்கு,

லிகாயாவின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? சந்தைக்கு நடந்து போகாதீர்கள். நான் நலம். கனடாவுக்கு வந்து இத்தனை நாளாகியும், இந்த வின்னிபெக்கில் பனி இன்னும் விட்டபாடில்லை.

ஞாயிறு பூசைக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதியோர் இல்லத்தில் அன்றைக்குத்தான் எனக்கு வேலை அதிகம்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. ஓல்சன் தாத்தா சிடுசிடுப்புக்குப் பேர்போனவர். அவர் காலில் ஆறாத புண். மண்டியிட்டு, அதைக் கழுவிக் கட்டுப் போட்டு நிமிர்ந்தேன். அவர் கையை நீட்டினார். பழக்கதோஷத்தில் அதைப் பிடித்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டேன்.

"என்னம்மா பண்றே? நான் டிவி ரிமோட்டக் கேட்டேன்!"

"எங்க பிலிப்பைன்ஸ்ல பெரியவங்க கையை இப்படித்தான் ஒத்திக்குவோம், தாத்தா. ஆசீர்வாதம்."

"சர்ச்சுப் பக்கம் போயி நாப்பது வருஷமாச்சு. எங்கிட்ட ஏது ஆசீர்வாதம்?"

மறுநாள் கட்டுப் போட்டு முடித்ததும் மறுபடியும் கை நீண்டது. நான் ரிமோட்டைத் தேடினேன்.

"அது மடியிலதான் கெடக்கு. நெத்தியக் கொண்டா."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இப்போது நான் மண்டியிடுகிற இடம் அதுதான், அம்மா. கோயிலில்கூட அடங்காத மனம் அங்கே அடங்குகிறது.

ஆனால் அவர் கை எப்போதும் சில்லென்றிருக்கிறது. உங்கள் கையில் பூண்டு மணக்கும்.

கருவாடு அனுப்பும்போது பெட்டியில் ஒரு வெள்ளைத் தாளும் வையுங்கள். அதில் உங்கள் கையை விரித்து வைத்து, தங்கையிடம் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வலது கை, அம்மா. மறந்துவிடாதீர்கள்.

லிகாயா