பழசாக்கிய தொட்டில்

மே 3, திங்கள்
விடியத் தொடங்கிய தூறல். கொடியில் போட்ட துணி காயவில்லை. கூப்பன் கடையில் அரிசி இல்லை, மா மட்டும்தான்.
இவர் கந்தோருக்கு வேலைக்குப் போனதும் முன்னறைக் கதவைச் சாத்தினேன். உள்ளே தொட்டில். இவர் தன் கையால் செய்தது. பலா மரம், வெள்ளைப் பெயின்ற். மணம்கூட இன்னும் போகவில்லை. பிள்ளை போய் மூன்று கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வீட்டுக்கு அவள் வரவேயில்லை. இனிமேல் பிள்ளை வேண்டாம், உடம்பு தாங்காது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார்.
பால் இன்னும் வருகிறது. பக்கத்து வீட்டு அன்னம்மாக்கா சொன்னபடி, பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினேன். மத்தியானம் அழவில்லை. பின்னேரம்தான்.

மே 5, புதன்
வெள்ளவத்தைக்கு, இவருடைய தங்கச்சி செல்வி வீட்டுக்கு. அவளுக்கு இது எட்டாம் மாதம். வயிற்றைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துக் கதைத்தேன். அவளுக்கும் விளங்கியது போல. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே இருந்தாள்.
தொட்டிலைச் செல்விக்குத் தரட்டா என்று இவர்தான் தொடங்கினார். முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த அவளின் மாமி, புருசனின் தாய், கையை நிறுத்திவிட்டா.
"செத்த பிள்ளைக்குச் செய்த தொட்டில் இஞ்ச வேண்டாம், தம்பி. நான் உங்கட வீட்டுக்கு வந்து பாத்தனான்தானே. ஒரு பிள்ளையும் கிடக்காத தொட்டில். பிள்ளை கிடந்து வளந்த தொட்டில் எண்டால் வேற கதை." என்னைப் பார்த்து, "கோவிக்காதை பிள்ளை. நானும் ரெண்டு பிள்ளையை மண்ணில தாட்டவள். பயத்தில சொல்லுறன்" என்றா.
கோபம்தான் வந்தது. காட்டவில்லை.
கேற்றடியில் செல்வி இவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னது: "அண்ணா, எனக்கு அதுதான் வேணும். மாமிக்குத் தெரியாமல் என்னவாவது செய்."
பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

மே 8, சனி
இவருடைய கந்தோரில் ஒரு பறங்கியர். புது அலுமாரியை வீட்டில் வைத்துப் பழசாக்கி வெள்ளைக்காரத் துரைசாணிமாருக்கு விற்கிறவராம். அவரிடம் இவர் செய்முறையைக் கேட்டு வந்திருக்கிறார். தொட்டிலைப் பழசாக்கி, புறக்கோட்டையில் பழைய சாமான் கடையில் வாங்கினது என்று மாமிக்குச் சொல்கிற யோசனை.
"விறகுக்குக் கொத்த என்னால ஏலாது, பிலோமி. அதைப் பாத்துக்கொண்டிருக்கவும் ஏலாது."
"உங்கட விருப்பம்" என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டேன்.
தேவையானது: பச்சைப் பெயின்ற் (கேற்றுக்கு அடித்த மிச்சம் இருக்கிறது). மெழுகுதிரி. சாண்ட்பேப்பர். கடும் தேயிலைச் சாயம். விளக்குக் கரி, தேங்காயெண்ணெய்.
தேய்ந்ததாகத் தெரியவேண்டிய இடங்களில் வெள்ளையின் மேல் மெழுகு பூச வேண்டும். அதன்மேல் பச்சை. மெழுகு இருக்கும் இடத்தில் பச்சை பிடிக்காது, காய்ந்தபின் உரசினால் உரிந்து வெள்ளை தெரியும். அவ்வளவுதான் வித்தை.
மெழுகுதிரி தேடி மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். பிள்ளையின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் கொளுத்திய துண்டு கிடந்தது. கையில் எடுத்துவிட்டார்.
"அது வேண்டாம்."
திருப்பி வைத்தார். மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தார்.

மே 9, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. பின்விறாந்தையில் இவர் மெழுகு பூசுகிறார். அடுப்படியிலிருந்து பார்த்தேன். கால், சட்டம், கம்பு, எல்லா இடமும் ஒரேமாதிரி. பொறுக்க முடியவில்லை.
"கீழ்க் காலில என்னத்துக்கு? பிள்ளை எங்க பிடிக்கும்?"
கேட்டது நான்தான். இவர் பூசியதைச் சுரண்டித் துடைத்துவிட்டு மெழுகுதிரியை என்னிடம் நீட்டினார்.
மேல் சட்டத்தின் நடு. எழுந்து நிற்கப் பழகும்போது பிடிப்பாள். பக்கத்துக் கம்புகள், அடுப்படியைப் பார்த்த பக்கம். கையை வெளியே நீட்டி என்னைக் கூப்பிடுவாள். கால்மாடு, உதைத்து உதைத்து. தலைமாட்டின் ஓரம், நான் கை வைத்து ஆட்டுகிற இடம். அங்கேதான் மெழுகு எல்லாவற்றையும்விடக் கூடுதல்.
பிறகு இவர் பச்சை அடித்தார்.

மே 12, புதன்
மழை. பெயின்ற் இன்னும் காயவில்லை, கொசு ஒட்டிக்கிடக்கிறது. வெண்டிக்காய் வாங்கினேன், பாதி முற்றல்.
பால் நின்றுவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

மே 15, சனி
வெயில்! பெயின்ற் காய்ந்தது. சாண்ட்பேப்பரால் நான் உரச உரசப் பச்சை பொருக்குப் பொருக்காக விழுந்தது. நினைத்த இடத்தில் எல்லாம் வெள்ளை. இவர் கதவுத் திறப்புகளின் கோர்வையால் சட்டத்தில் தட்டித் தழும்பு போட்டார். ஒவ்வொரு அடிக்கும் தன் தோளை ஒடுக்கிக்கொண்டு.
"அதுக்கு நோகுமெண்டு நினைக்கிறியளோ?" என்றேன்.
சிரித்தார். நானும் சிரித்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு. சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிலத்தில் குந்தி அழுதார். ஆஸ்பத்திரியிலும், சேமக்காலையில் பிள்ளையைப் புதைத்தபோதும் கண் கலங்காத மனுசன். முதுகைத் தடவினேன். என் கையிலிருந்த பச்சைத் தூள் இவரின் சேட்டெல்லாம்.
தேயிலைச் சாயத்தால் துடைத்தோம். கரியும் எண்ணெயும் குழைத்து மூலைகளில் பூசி வழித்தோம். வருசக்கணக்கான அழுக்குப் போலவே இருக்கிறது.
பிறகு நான் குனிந்து மேல் சட்டத்தைக் கடித்தேன். பல் முளைக்கிற நேரம் பிள்ளைகள் கடிக்கும். பெயின்ற் கசப்பு. தலை நிமிர்ந்தால் இவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ.
"இடப்பக்கமும் கொஞ்சம்" என்றார்.
பின்னேரம் தள்ளி நின்று பார்த்தோம். ஒரு பிள்ளை கிடந்து, எழுந்து, நின்று, வளர்ந்துபோன தொட்டில். குடுக்க வேண்டாம் என்று வாய்வரை வந்தது.

மே 22, சனி
மாட்டுக் கரத்தையில் தொட்டில், பஸ்ஸில் நாங்கள். தொட்டிலை ஏற்றும்போது கரத்தைக்காரன் தட்டிப் பார்த்து, சிங்களத்தில் "பரண படு ஹொந்தாய், நோனா" என்றான். பழைய சாமான்தான் நல்லதாம்.
வெள்ளவத்தையில் மாமி சட்டம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தா. செல்வி கதவோரம் நின்று பார்த்தாள்.
"இது தொட்டில். நல்லாய்ப் புழங்கியிருக்கு. எங்க எடுத்தனியள்?"
"புறக்கோட்டையில, கடையில" என்றார் இவர்.
"கிடந்த பிள்ளை சுகமாய் இருக்கோ? கேட்டனியளே?"
இவர் என்னைப் பார்த்தார். நாங்கள் யோசிக்காத கேள்வி.
"சுகமாய் இருக்கிறாளாம், மாமி" என்றேன். "பொம்பிளைப் பிள்ளை. இப்ப பள்ளிக்கூடம் போறாளாம்."
"என்ன பேராம்?"
"றோசலின்."
ஆஸ்பத்திரியில் அவசர ஞானஸ்நானம் குடுத்த சிஸ்டர், பிள்ளைக்கு மேரி என்றுதான் பேர் வைத்தவ. கல்லறைச் சிலுவையிலும் அதுதான். றோசலின் என்பது நானும் இவரும் வீட்டில் கதைத்து வைத்திருந்த பேர். வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை.
இவர் எழும்பிக் கேற்றடிக்குப் போய்விட்டார். செல்வி வந்து என் கையைப் பிடித்தாள்.
மாமி தொட்டிலில் சிலுவை அடையாளம் போட்டா. "நல்ல பேர். அந்தப் பிள்ளை நூறு வருசம் இருக்கட்டும்."
"ஓம், மாமி" என்றேன்.