கிலோவுக்குப் பதினைந்து ரூபாய்

சங்கராபுரம்,
ஆனி மாதம் பத்தாம் தேதி.

அன்புள்ள மாமாவுக்கு ராஜாம்பாள் எழுதிக்கொள்வது.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்தைப் போனில் கேட்டால், கூடத் தங்கியிருப்பவர்கள் காதில் விழுமே என்று "ம், சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் தியாகதுருகம் மாயவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பாட்டில் தேனும் இருக்கிறது. ரூம் முழுக்கப் பங்கு வைத்துவிடாதீர்கள்.

மெஷின் நன்றாக ஓடுகிறது. அடுத்தவர் தேனைச் சூடாக்கி, வடிகட்டி, அதிலிருக்கும் தண்ணீரைப் போக்கிக் கொடுக்கக் கிலோவுக்கு ஏழு ரூபாய் வாங்கு, எல்லாரும் நம்மோடு தேனீப் பெட்டி வைத்தவர்கள் என்று சொன்னீர்கள். நான் பதினைந்து வைத்துவிட்டேன். கோபப்படாமல் படியுங்கள். கரண்டு, வடிகட்டும் துணி, ஒத்தாசைக்கு வரும் கமலா கூலி, பாங்கு தவணை எல்லாம் போக, ஏழு ரூபாயில் நமக்கு மிஞ்சுவது பாத்திரம் கழுவின தண்ணீர்தான்.

கொளஞ்சியப்பன் ஷெட் வாசலிலேயே நின்று, அண்ணன் இருந்தா டீயும் வாங்கிக் குடுத்து சும்மா ஓட்டிக் குடுத்திருப்பாரு என்றான். அப்படிச் சும்மா குடுத்துக் குடுத்துத்தான் உங்க அண்ணன் மஸ்கட்டுல குந்திக்கினு இருக்காரு என்றேன். கேனை இறக்கினான்.

ஆனால் கல்வராயன் மலையிலிருந்து வந்த சாலம்மாளிடம் என் வாய் எடுபடவில்லை. மழையில் எடுத்த தேன், ஒரே தண்ணீர். கேன் வந்ததும் நிறுத்துக் கூலி போட்டேன். மெஷினில் ஓட்டி முடித்தால் எடை குறைந்திருக்கிறது. இன்னாம்மா, ஆவியாப் போன தண்ணிக்குமா நான் கூலி குடுக்கணும் என்று கேட்டாள். கேட்டது நியாயம். அன்று முதல் வெளியே வரும் தேனை நிறுத்துத்தான் கூலி. கேனுக்கு வருகிற காசு கம்மிதான். ஆனால் வெளியூருக்குக் கேன் தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது இங்கே வருகிறார்கள். கொளஞ்சியப்பனே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

போனில் சொல்லாமல் விட்டது ஒன்று. கிணற்றோரம் இருந்த உங்கள் பெட்டி காலியாகிவிட்டது. ராணித் தேனீயோடு கூட்டமே கிளம்பிப் போய்விட்டது. நான் மெஷினைப் பார்ப்பேனா, பெட்டியைப் பார்ப்பேனா? இருக்கிற மற்றவையும் உங்கள் கைக்குத்தான் அடங்கும். என்னைக் கொட்டுகின்றன.

குழாயில் முதல் தேன் இளஞ்சூட்டோடு இறங்கும்போது ஒரு விரல் தொட்டு உங்கள் வாயில் வைக்கவேண்டும் போல இருக்கிறது. கமலாவுக்கா வைப்பேன்? நானே சப்பிவிட்டு அடுத்த கேனைத் தூக்குகிறேன்.

அடுத்த மாதம் உங்கள் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்பார்களாம், மாயவன் சொல்லித்தான் தெரிந்தது. மாடி கட்டத்தானே யோசிக்கிறீர்கள்? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இந்தக் கூலியில் தவணை கட்டலாம், நாம் இரண்டு பேரும் சாப்பிடலாம். மாடி மட்டும் வராது. மாடி கட்டி, அதில் நான் ஒருத்தி ஏறி இறங்கிக்கொண்டிருக்கவா?

ஏழு ரூபாய் வாங்கினால் நீங்கள் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். அதற்குத்தான் பதினைந்து வைத்தேன். இதைக் கொளஞ்சியப்பனிடம் சொல்லமுடியுமா?

வியாபாரத்தில் நான் யாரிடமும் கெஞ்சினதில்லை என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காகிதத்தை நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள் மாமா. நம் அம்மன் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் போட்ட சேதிக்குக் காத்திருக்கும்
ராஜாம்பாள்