லேப்டாப்பில் கை வைத்தது நான்தான்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று நீ அனுப்பிய செய்தியில் லேப்டாப்பின் சுகத்தை மட்டும்தான் விசாரித்திருந்தாய். 'கனெக்ட் ஆகலம்மா, ஆன்ல இருக்கா, யாராவது கை வச்சாங்களா' என்று கேட்டிருந்தாய். கை வைத்தது நான்தான். போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அதே லேப்டாப்பில்தான் எழுதுகிறேன்.

போன முறை வந்திருந்தபோது இது ஆமையாக ஊர்கிறது என்று நீதான் பழைய விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸில் ஏதோ ஒரு சின்ன வகையைப் போட்டாய். இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, நாலு ஜிபி நினைவகத்துக்கு இந்த எடைதான் தாங்கும் என்றாய். அதில் எனக்குக் குறையில்லை, நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதற்கு எஜமானாக உன்னைப் போட்டுக்கொண்டு என்னைச் சாதாரணப் பயனராகச் சேர்த்தாய். பாஸ்வேர்டைக் கேட்டதற்கு 'உனக்கு எதுக்கும்மா, மறந்துடுவ, எதுன்னாலும் அங்கேர்ந்து நான் பாத்துக்கறேன்' என்று சிரித்தாய். கடையில் எந்தச் சட்டைப் பொத்தான் எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறவள் நான், இருந்தும் பிள்ளை சொல்கிறான் என்று கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். அப்புறம் ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டர் படுத்துவிட்டது, புதிது வாங்கி மாட்டினால் பாஸ்வேர்ட் கேட்டது. உன்னைக் கூப்பிட்டேன், சனிக்கிழமை பார்க்கிறேன் என்றாய். சனிக்கிழமை குடும்பத்தோடு வெளியே போயிருந்தாய், படம் போட்டிருந்தாய், பார்த்தேன், குழந்தைக்கு அந்தத் தொப்பி நன்றாக இருந்தது. இங்கே சீருடை தைக்கிற கம்பெனிக்காரர் பெட்டிக்குப் பெட்டி பார்கோடு இல்லாமல் சரக்கை உள்ளே விடமாட்டார். நான் கையால் எழுதி ஒட்டி அனுப்பினேன், போன வண்டி அப்படியே திரும்பி வந்தது. 'அக்கா, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா உங்க கையெழுத்த எங்க மெஷின் படிக்காதே' என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். எதிர்க்கடைக்காரர் அன்று மாலை எனக்கு ஒரு டீ வாங்கி அனுப்பினார், அதை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதன்பிறகு உன்னைக் கூப்பிட்டபோதும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை, 'இந்த வயசுல புது பிரிண்டர் எதுக்கும்மா, இன்னும் எத்தன நாளைக்குக் கடை' என்றாய்.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவரை உனக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் 'இப்போ முடிஞ்சிரும்' என்பதால் தெருவே அவரை 'இப்போ' என்றுதான் கூப்பிடும். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, 'அக்கா, வீடு உங்களுது, சாவி உங்க பையன்கிட்ட, நீங்க குடியிருக்கீங்க, அவ்வளவுதான்' என்றார். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்றார். உடைக்க வேண்டாம், பையன் போட்டது பையனோடு போகட்டும், என் பேரில் புதிதாகப் போடுங்கள், ஆனால் எதைப் போடுவது என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நான் எந்தச் சரக்கையாவது சாம்பிள் பார்க்காமல் எடுத்திருக்கிறேனா. ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்ப்பேன், நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்ப்பேன். இதற்கும் சாம்பிள் உண்டாம், உள்ளே எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாமாம். மூன்று வகையைக் கடையிலேயே வைத்து, கடை வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று பார்க்கப் பளபளப்பு, பில்லையும் பிரௌசரையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கியது. இன்னொன்று இறகு மாதிரி, ஆனால் தமிழில் அடிக்க வழி தேடியே பொழுது போனது. மூன்றாவது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்கிற சிக்கன வகை, அலங்காரம் இல்லை, ஆனால் பில் திறந்தது, வைஃபை பிடித்தது, தமிழ் வந்தது, பிரிண்டர் முனகாமல் ஸ்டிக்கரைத் துப்பியது. உன் அப்பா சீட்டாட்டம் எங்கே என்று குடைந்தார், அதுவும் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கோமாளித்தனம் செய்தேன். பென்டிரைவில் ஓடும்போதே உட்கார்ந்து ஜிப் சரக்கு முழுவதற்கும் ஸ்டிக்கர் விவரத்தை அடித்துவிட்டு அணைத்தேன், மறுபடி போட்டால் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. சாம்பிளில் எதுவும் தங்காதாம். 'சாம்பிள் துணியில யாராவது சட்ட தைப்பாங்களாக்கா' என்று 'இப்போ' வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். என் தப்பை நானே செய்து நானே திருத்திக்கொண்டேன், அதற்குக்கூட நீ எனக்கு இடம் வைக்கவில்லை. பழைய பில்களை எல்லாம் வேறு இடத்தில் நகலெடுத்துவைத்து, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தபிறகுதான் உன்னுடையதை அழிக்கச் சொன்னேன். பாஸ்வேர்ட் நான் வைத்தது, இதுவரை மறக்கவில்லை.

இதோடு விட்டிருப்பேன், இவ்வளவு எழுதியிருக்கவும் மாட்டேன். ஆனால் போன வாரம் கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் வந்தார். 'பையன் போன்ல பேசினாரும்மா, நீங்க காலி பண்றதா சொன்னாரு, சாவி எப்போ தருவீங்க' என்று கேட்டார். வேலை செய்கிற பெண்கள் எதிரில், லேஸ் வாங்க வந்தவர்கள் எதிரில் கேட்டார். அளந்துகொண்டிருந்த லேஸ் கையிலேயே நின்றுவிட்டது. அவன் ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான் என்று உன் மானத்தைக் காப்பாற்றி அனுப்பினேன். வீட்டில் வந்து அப்பாவிடம் கேட்டால் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் 'உன் நல்லதுக்குத்தானே' என்றார், ஆக அவருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, மேல்தட்டுப் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறமுடியவில்லை, கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, தீர்மானித்தாய். அதனால் மறுநாளே போய் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன், என் பேரில், என் கையெழுத்தில். மேல்தட்டுச் சரக்கைக் கீழே இறக்கிவிட்டேன். சீருடைக் கம்பெனிக்காரரிடம் மறுபடி பேசிக்கொண்டிருக்கிறேன், பிடி கொடுக்கவில்லை, விடமாட்டேன்.

அங்கே இருந்துகொண்டே நீ இந்த லேப்டாப்புக்குள் நுழைகிற அந்த வழியைத் திரும்ப வைக்கச் சொல்லாதே, வைக்கமாட்டேன். நீ வரும்போது உனக்கும் இதில் ஒரு கணக்கு திறந்து தருகிறேன், சாதாரணப் பயனராக. மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, மறைக்காதே. குழந்தையை வெயிலில் கொஞ்சம் விளையாட விடு. மூன்று பேரும் குறையில்லாமல் நன்றாக இருங்கள், இந்த வாழ்த்தில் என் கோபம் ஒரு சொட்டும் கலக்கவில்லை. ஒன்று மட்டும் செய், கட்டிடக்காரருக்கு நீயே போன் போட்டு, அம்மாவைக் கேட்காமல் பேசியது தப்பு என்று உன் வாயால் சொல். அவர் காலையில்தான் போன் எடுப்பார், உங்கள் ஊர் நேரத்தைப் பார்த்துக் கூப்பிடு.

கடையிலிருந்து,
அம்மா