இண்டிகேட்டர் போட்டேனா?

ஜூன் 3, செவ்வாய்

கேமரா வந்துவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கூடவே வந்த புத்தகத்தில் எட்டு மொழி, அதில் ஒன்றுகூட நம்முடையது இல்லை. படங்களைப் பார்த்தே புரிந்துகொண்டேன். காரின் முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும், மின்சாரம் கொடுக்க வேண்டும். தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டியே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இது ஒரு வேலையா?

இவரிடம் காட்டினேன்.

"எதுக்கு?"

"முன்னாடி நடக்கிறது பூரா பதிவாகும். சத்தமும்தான். இண்டிகேட்டர் டிக்டிக்னு அடிக்கிறதுகூட கேக்குமாம். இனிமே போட்டேனா போடலையான்னு மண்டைய உடைச்சுக்க வேண்டாம்."

"நான்தான் ஓட்டப் போறதில்லையே."

செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தால்கூட அப்படியே படித்திருப்பார்.

ஏப்ரல் பதினைந்தில் நடந்தது, இன்றோடு ஏழு வாரம். எங்கள் காரில் போய் மருந்துக்கடை முனையில் இடது பக்கம் திரும்பினார். பின்னால் வந்த பைக் மோதியது. பைக்கில் வந்தவர் மின் மீட்டர் கணக்கெடுக்கும் மனிதர், கால் முறிந்துவிட்டது. "இண்டிகேட்டர் போடலை" என்று அவர் சொன்னார். இவரைக் கேட்டதற்கு "ஞாபகம் இல்லை" என்றார். "போட்டேன்னு சொல்லுங்களேன்யா" என்று எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரே எடுத்துக் கொடுத்தார். இல்லை, ஞாபகம் இல்லை. காப்பீட்டுக்காரர்கள் பேசி முடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் முடிந்துவிட்டது, இவரைத் தவிர.

இருபத்தாறு வருடம் அலுவலக வண்டி ஓட்டியவர். அங்கே இவருக்கு நத்தை அண்ணன் என்று பெயர். ஜூலை ஒன்றுக்குள் திரும்பி வருவதைச் சொல்லவில்லை என்றால் ஸ்டோரில் போட்டுவிடுவார்களாம். ஸ்டோரில் இவர் என்ன செய்வார்? பெட்டிகளை மெதுவாக எண்ணுவார்.

ஜூன் 5, வியாழன்

இன்று சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். சாவியைத் திருப்பினால் கேமரா விழிக்கிறது, எடுத்தால் தூங்குகிறது. ஆனால் வயர் கண்ணாடியிலிருந்து கியர்வரை கொடிக்கயிறு மாதிரி தொங்கியது.

இவர் ஷெட் வாசலில் நின்று பார்த்தார். "கியர் மாத்தும்போது கையில மாட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏழு வாரத்தில் ஓட்டுவதைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்! மாட்டக் கூடாதா? சரி, மாட்டாது. ஞாயிற்றுக்கிழமை வயரை உள்ளே மறைத்து, ஃபியூஸ் பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுத்துவிடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

முதுகு போய்விட்டது. ஆனால் அழகாக வந்திருக்கிறது.

கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமராவை ஒட்டினேன். ஓட்டுகிறவர் கண்ணில் படாது. வயரைக் கூரைத் துணியின் ஓரத்தில் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பிச் செருகினேன். கதவோரத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கிறது, அதற்குக் குறுக்கே வயர் போகக் கூடாது என்று படத்தில் சிவப்பு அடித்திருந்தது. அதனால் அதன் பின்பக்கமாக இறக்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டிவரை கொண்டுவந்தேன். தலை கீழே, கால் மேலே. மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, உள்ளே யாராவது இருக்கீங்களா, காலு மட்டும்தான் தெரியுது" என்றார்.

டெஸ்டரை ஒவ்வொரு ஃபியூஸாக வைத்தேன். ஒன்றில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதில் இணைத்தேன். எர்த் கம்பியை ஒரு போல்ட்டில் இறுக்கினேன். கேமரா விழித்தது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயர் எங்கே என்று தேடினார். தெரியவில்லை. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால்...

"நல்லா மறைச்சிருக்க. போலீஸ் வைக்கிற மாதிரி."

"என்னங்க பேச்சு இது?"

"நம்பிக்கை இல்லாததாலதானே வைக்கிறே?"

ஸ்கேலைத் தூக்கி எறிந்தேன். யாருக்கு நம்பிக்கை இல்லை? எனக்கா? நான் இருபது வருஷமா இவர் ஓட்டுற வண்டில தூங்கிட்டு வந்தவ. நம்பாதவளுக்குத் தூக்கம் வருமா?

ஜூன் 10, செவ்வாய்

பேசவில்லை. இவரும்தான்.

ஜூன் 11, புதன்

கார் செத்துவிட்டது. காலையில் கேமரா பதிகிறதா என்று பார்க்கப் போனேன், விளக்கே இல்லை. சாவியைத் திருப்பினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பேட்டரி போச்சு" என்று இவரிடம் சொன்னேன்.

"என் தப்பா இருக்கும்" என்றார்.

இப்போதெல்லாம் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் இவர் தப்பு, மழை பெய்தாலும் இவர் தப்பு. அதனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. ஓடாமல் நின்றாலும் உயிரோடாவது நின்ற வண்டி.

ஜூன் 13, வெள்ளி

வண்டி எலக்ட்ரீசியன் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு வந்தார். என் வேலையைக் குனிந்து பார்த்து, "யார் செஞ்சது? வயர் இழுத்தது சுத்தமா இருக்கே" என்றார். நான் நிமிர்ந்தேன். "ஆனா ஃபியூஸ் தப்பு." நான் குனிந்தேன்.

காரில் இரண்டு வகை ஃபியூஸ் உண்டாம். சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிறது ஒன்று, சாவி இல்லாமலே எப்போதும் உயிரோடு இருக்கிறது இன்னொன்று. நான் பிடித்தது இரண்டாவது. சாவி போடாமல் டெஸ்டர் எரிந்ததே, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? எங்கள் தையல் பட்டறையில் டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. தையல் மெஷினுக்குச் சாவி ஏது? ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் ஆனையிடம் யாரும் "அக்கா, இது சின்னப் பிள்ளைகூடச் செய்யாது" என்று சொல்வதில்லை.

அவரே வேறு ஃபியூஸுக்கு மாற்றிக் கொடுத்தார். போகும்போது, "கேமரா குடிக்கிறது கொஞ்சம்தான். அது மட்டும்னா இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருக்கும். சாவி போட்டு எதையாவது எரிய விட்டீங்களா?"

யார் போடப் போகிறார்கள்? வீட்டில் பகலில் இவர் மட்டும்தான். மத்தியானம் தூங்கிவிடுவார்.

கேமராவின் கார்டைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன். நாளை பட்டறைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் 14, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும். அதனால் கடைசி நாள் மட்டும்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு நேரம், வெட்டு மேசை அறையில் யாரும் இல்லை. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டேன். படத்தில் ஷெட்டின் பின்சுவர். சுவர், சுவர், சுவர். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

மூன்று மணிக்குக் கதவு திறக்கும் சத்தம். இருக்கை முனகுகிறது. இவர் மூச்சு, எனக்குத் தெரியாதா? சாவி திரும்புகிறது. பிறகு இவர் குரல்.

"சிக்னல் தாண்டியாச்சு. ரெண்டாவது கியர். மருந்துக்கடை தெரியுது. கண்ணாடி பாத்தேன். பாத்தேன். கை..."

டிக், டிக், டிக். சுவரின் இடது ஓரம் மஞ்சளாக எரிந்து எரிந்து அணைந்தது.

"இப்படித்தானே போட்டேன்?"

அணைத்தார். மறுபடி. "சிக்னல் தாண்டியாச்சு. ரெண்டாவது கியர்..."

பத்தொன்பது தடவை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. ஒன்றரை மணி நேரம், சாவி போட்டபடி. தூங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, தினமும் இதைத்தான் செய்திருப்பாரா? மனுஷா, என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன வேற்று ஆளா?

மேஸ்திரி வந்து, "என்னம்மா, படம் பாக்குறியா?" என்றார். "ஆமா, சோகப் படம், போங்க" என்று கத்திவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அதே நாள் இரண்டு மணிக்கு. அதை நாளை எழுதுகிறேன். இல்லை, இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கனவு என்று நினைத்துக்கொள்வேன். மாடிவீட்டுக்காரர் குரல்: "அண்ணே, வண்டிய ஒரு ரெண்டடி இடது பக்கமா ஒதுக்குங்களேன், பீரோ இறக்கணும்." இவர் ஏறுகிறார். எந்த மரம், எத்தனை கதவு என்று பீரோவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறார். வண்டி முனகிக்கொண்டு கிளம்புகிறது. டிக், டிக், டிக். சுவரில் இடது பக்கம் மஞ்சள். வண்டி இரண்டடி நகர்கிறது. நிற்கிறது. "தேக்கா? தேக்குன்னா கனமா இருக்குமே" என்று இறங்குகிறார்.

சொந்த ஷெட்டுக்குள். இரண்டடிக்கு. பின்னால் ஒரு பூனைகூடக் கிடையாது.

ஜூன் 15, ஞாயிறு

சொல்ல வாய் வரவில்லை. ஒட்டுக் கேட்ட மாதிரி இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

சொன்னேன். சரியாகச் சொல்லவில்லை. "மத்தியானம் தூங்குறேன்னு ஏன் பொய் சொன்னீங்க?" என்று ஆரம்பித்துவிட்டேன். என் வாய் எப்போதும் தப்பான கதவைத்தான் முதலில் திறக்கும்.

முகம் வெளுத்துவிட்டது. "கேட்டியா?"

"வேணும்னு கேக்கல. ஃபியூஸ் தப்பா மாட்டிட்டேன், அதுபாட்டுக்குப் பதிஞ்சிருக்கு."

"பைத்தியம்னு நினைச்சிருப்ப."

"பைத்தியம்தான். தனியா உக்காந்து புலம்பறவன் பைத்தியம் இல்லாம என்ன?"

எழுந்து போய்விட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள், இவர் விஷயத்தில் முயலுக்குக் காலே கிடையாது.

ஜூன் 19, வியாழன்

இரவு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"அதுல நான் எப்படி இருக்கேன்?"

"உங்க முகம் தெரியாது. சுவருதான் தெரியும்."

கையைத் துடைத்துவிட்டு, கார்டைக் கேமராவிலேயே போட்டு அதன் குட்டித் திரையில் பீரோ பகுதியை மட்டும் காட்டினேன். ஷெட்டில், முன்சீட்டில் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். முடிந்ததும், "என்ன இருக்கு இதுல?" என்றார்.

"மறுபடி பாருங்க. காத வச்சுக் கேளுங்க."

மூன்றாவது தடவைதான் இவருக்குக் கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானா போட்டேன்?"

"பின்னே பீரோவா போட்டுச்சு?"

"எனக்குத் தெரியவே இல்ல."

"அதத்தான் சொல்றேன். உங்க கை போடுது, உங்ககிட்ட கேக்கிறதில்ல. செஞ்சது ஞாபகம் இல்லைன்னா செய்யலைன்னு அர்த்தமா?"

திரையை அணைத்தார். பிறகு, "அன்னிக்கும் போட்டேன்னு இது சொல்லாது."

சொல்லாது. ஆமாம். அதை மறைத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை. "தெரியாதுங்க. இனிமே தெரியவும் தெரியாது" என்றேன். இவர் தோள் ஆடியது. பிடித்துக்கொண்டேன். அழட்டும் என்று விட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

"அவரைப் போய்ப் பாக்கணும்" என்று காலையில் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

மீட்டர்காரர் வீடு முதல் மாடியில். அவர் மனைவி கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய் வாசலோடு திரும்பி வந்தவர் இவர். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அவர் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் வயதுதான். இவர் உட்காரவே இல்லை.

"இண்டிகேட்டர் போட்டேனான்னு எனக்குத் தெரியல. போடலைன்னா தப்பு என்னுது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் தன் காலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "நான் பாக்கலண்ணே, அது நிஜம். ஆனா எத பாத்துட்டு வந்தேன்னு கேட்டா, அதுவும் தெரியல. அன்னிக்கு இன்னும் நாப்பது வீடு பாக்கி. விழுந்ததும் நாலு பேரு ஒரே நேரத்துல கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

"உக்காருங்க" என்றாள் மனைவி.

பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள் போக வேண்டுமாம். கால் மடங்காது, பஸ் முடியாது, வாடகை வண்டிக்காரர்கள் ஊன்றுகட்டையைப் பார்த்ததும் ஓடிவிடுகிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு குரல்: "நான் கூட்டிட்டுப் போறேன்."

இவர்தான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், யார் சொன்னது என்பது போல.

திரும்பும் பஸ்ஸில் என் கையை நசுக்கினார். "சொல்லிட்டேனே. சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

ஜூன் 26, வியாழன்

விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓட்டினார். நான் பக்கத்தில். முதல் சுற்று முழுக்க முதல் கியர். எங்களை ஒரு நடைப்பயிற்சிக்காரர் முந்திப் போனார்.

ஜூன் 28, சனி

கடைத்தெருவரை. வந்ததும் சட்டை நனைந்திருந்தது. சாப்பிடவில்லை. வேண்டாம், விட்டுவிடலாம் என்று நானே சொல்லிவிட்டேன். "வாக்குக் கொடுத்தாச்சு" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

கெடு இன்று. காலையில் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, "திங்கள்லேருந்து வரேன், ஆனா செவ்வாயும் வெள்ளியும் காலையில ரெண்டு மணி நேரம் வேணும்" என்றார். என்ன சொன்னார்களோ, "நத்தைதான், நத்தையேதான்" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

நான் அரை நாள் லீவு. மீட்டர்காரரை இரண்டு பேருமாக மாடியிலிருந்து இறக்கினோம். முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிக் காலை நீட்ட வைத்தோம். கட்டையை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். நான் பின்னால். கிளம்புவதற்கு முன் கையை நீட்டிக் கேமராவின் மைக்கை அணைத்தேன். இரண்டு பேரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிசியோதெரபிக்கு மருந்துக்கடை முனை வழியாகத்தான் போக வேண்டும். சுற்றிப் போகலாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சிக்னல் தாண்டியதும் வண்டி இன்னும் மெதுவானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். மருந்துக்கடைப் பலகை தெரிந்தது. இவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. 

"போட்டேனா?" என்று இவர் கேட்டார், முகத்தைத் திருப்பாமல்.

மீட்டர்காரர் குனிந்து பார்த்தார். டிக்டிக் சத்தம் எனக்குப் பின்சீட்டிலேயே கேட்டது. இருந்தாலும் அவர் பார்த்துவிட்டே சொன்னார்.

"போட்டுட்டீங்கண்ணே. பின்னாடியும் யாரும் இல்ல. திரும்புங்க."

திரும்பினோம்.