பத்து வினாடியில் நிற்க வேண்டிய டிரம்

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீயும் வயிற்றிலிருப்பவரும் நலமென்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன், இல்லையென்றால் உடனே போன் செய். எங்கள் சலவை ஆலையின் வரலாற்றில் போன வாரம் ஒரு திருப்புமுனை. துணி பிழியும் பெரிய டிரம், நிறுத்தினால் இனி ஒரு நிமிடத்தில் அல்ல, பத்தே வினாடியில் நிற்கும் என்று மேலாளர் கூட்டம் போட்டு அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். தீர்மானத்தைச் சட்டம் போட்டு அவர் நாற்காலிக்கு மேலே மாட்டியும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவ் பெட்டி, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் 'ஓவர் வோல்டேஜ்' என்று காட்டிவிட்டு வேலையை விட்டுவிடுகிறது. பாய்லர்காரர், "லைன்லயே கரண்ட் பொங்கி வருதுக்கா, நம்ம சம்பளம்தான் அப்படி வர மாட்டேங்குது" என்றார். நான் எலக்ட்ரீஷியனாயிற்றே, அளந்து பார்த்தேன், வருகிற மின்சாரத்தில் குற்றமில்லை. ஓடும்போது ஒருமுறைகூடத் தகராறு கிடையாது, நிறுத்தும்போது மட்டும்தான். ஈர விரிப்புகளின் கனத்தோடு சுற்றுகிற டிரம் சொன்னவுடன் நின்றுவிடுமா? அது தன் வேகத்தில் மோட்டாரைச் சுற்றிவிடுகிறது, மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பெட்டிக்கே திருப்பி அனுப்புகிறது, வெளியேற வழியில்லாமல் அது உள்ளே ஏறிக்கொண்டே போகிறது.

முன்பெல்லாம் அந்த ஒரு நிமிடம் கண்ணாடிக் கதவருகே நிற்பேன். பால் நிறத்தில் ஒரே வளையமாக இருப்பது மெல்ல மெல்ல விரிப்புகளாகப் பிரியும், ஓசை இறங்கி இறங்கி மூச்சு மாதிரி ஆகும், உனக்குள் அந்தப் பிள்ளையும் இப்படித்தான் புரளுமோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன், யாராவது தோளைத் தொட்டால்தான் ஆலை திரும்பி வரும். மேலாளரிடம் போய், பழைய ஒரு நிமிடத்தையே வைத்துவிடுங்கள் சார், இன்றே சரியாகிவிடும், பன்னிரண்டாம் தேதி மகளுக்குப் பிரசவம், நான் போயாக வேண்டும் என்றேன். அவர் சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "கைதட்டினவங்கள்ல நீங்களும் ஒருத்தர்தானேம்மா?" என்று கேட்டார். பெட்டியில் அந்த நேரத்தை மாற்றும் ரகசிய எண் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்த்துவிடும் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார், அதை மாட்டி டிரம் ஒழுங்காக நிற்கும்வரை எனக்கு லீவு இல்லை என்பதையும் சேர்த்து.

கடைசி நாள்வரை வேலைக்குப் போவேன் என்கிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். வேண்டாம் கண்ணு, இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள். படியிறங்கும்போது கைப்பிடியை விடாதே. தொட்டில் திருகாணிகளை இன்னொருமுறை முடுக்கச் சொல்லி அவரிடம் ஞாபகப்படுத்து. தாயும் பிள்ளையுமாக நீங்கள் நெடுங்காலம் நன்றாயிருக்க வேண்டும்.

உன் அம்மா

பி.கு.: ரெசிஸ்டர் இருபதாம் தேதி வருமாம். டிக்கெட்டை இருபத்தைந்துக்கு மாற்றிவிட்டேன்.