ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றியது அல்ல

அன்புள்ள அத்தா,

அத்தா என்று எழுதிவிட்டேன். எழுத்தில் இது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அம்மா உங்களை மறுமணம் செய்தபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து உங்களை மாமா என்றே அழைத்தேன். பிறகு வாய் திரும்பவில்லை. அல்லது நான் திருப்பவில்லை.

கடை திறந்திருக்கிறது. தங்கை நஸ்ரீன் பார்த்துக்கொள்கிறாள். காலையில் வாடகை ஸ்கூட்டர்களை வெளியே எடுத்து வரிசையாக நிறுத்துகிறாள். உப்புக் காற்று சைலன்ஸரைத் தின்கிறது என்று உங்களைப் போலவே கடலைத் திட்டுகிறாள். நீங்கள் போனதிலிருந்து அம்மா இத்தா இருக்கிறார், கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் நான்கு மாதம் பத்து நாள். அந்த மாதங்கள் முடியும்வரை வாசலுக்கு வரமாட்டார். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையிலிருந்தபடி, எந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார்.

உங்கள் மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதா? அங்கே எவ்வளவு தூரம் கேட்கும்?

அதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு சொல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று நான் சொன்னபோது, நீங்கள் ஒரு வண்டியின் பிரேக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

“ஒரே சொல்லா? அதுக்கா டெய்லி பஸ்ல போய்கினு வந்துகினு கீற?”

“ஆமா மாமா.”

“எந்தச் சொல்லு?”

என் சொல் அத்தா. அதை எப்படி உங்களிடம் சொல்வது? பக்கத்தில் ஒரு பாட்டில் இருந்தது. தண்ணி என்றேன்.

“நல்ல சொல்லுதான். நெம்மேலில கடலையே வடிகட்டி மெட்ராசுக்கு அனுப்புறான். அவனக் கேளு, கதை கதையா சொல்லுவான்.”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வண்டி எடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்களை நீங்கள் விடவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, அவரவர் மொழியில் சொல்லவைத்து, குரல் பதிவாக எனக்கு அனுப்பினீர்கள். பிரான்ஸ்காரி ‘ஓ’ என்றாள். ரஷ்யாக்காரர் ‘வதா’. “இன்னொருக்கா சொல்லுங்க அண்ணாத்த, சத்தமா” என்று அவரிடம் தமிழிலேயே கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பதிவில் உங்கள் ஆங்கிலம் இருக்கிறது. “மை சன் ஸ்டடி வாட்டர். ப்ளீஸ் டெல்.”

தமிழில் நீங்கள் என்னை அப்படிச் சொன்னதே இல்லை. மகனா என்று கேட்டவர்களிடம் “நம்ம வூட்டுப் புள்ள” என்பீர்கள். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று. நாளைக்கு விமானம் ஏறிப் போய்விடுகிற ஒருவரிடம் மட்டும் அந்த உறவைச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பதிவை அன்றைக்கே கேட்டேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

இப்போது என் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டியது.

பழைய தமிழில் அத்தன் என்றால் தகப்பன். கடவுளையும் அப்படி அழைத்திருக்கிறார்கள். துருக்கியில் ‘அதா’ என்றால் தகப்பன், முன்னோர். பேச ஆளில்லாமல் போன கோதிக் மொழியிலும் தகப்பன் அத்தாதான். தெலுங்கில் ‘அத்த’ மாமியார். சமஸ்கிருதத்தில் தாய். பாலி மொழியில் ‘தான்’, ஒருவர் தன்னையே குறிக்கும் சொல். அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த ஓர் ‘அதா’ உண்டு, கொடை என்று பொருள். காதுக்குப் பக்கம், வேருக்குத் தூரம்.

இது துருக்கியர் கொண்டுவந்தது என்று நம் ஜமாஅத்தில் சிலர் சொல்வார்கள். சுத்தத் தமிழ் என்று சிலர். இரண்டு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறேன். கடைசியில் எனக்குக் கிடைத்தது வேறு. பல இடங்களில் இந்தச் சொல் யாரிடமிருந்தும் யாருக்கும் போகவில்லை. பல் முளைக்காத குழந்தை நாக்கைத் தட்டி ஏதோ ஒலி எழுப்புகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர், தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார். யார் திரும்பிப் பார்க்கிறாரோ அவரே அதன் பொருள்.

பழைய கிரேக்கத்திலும் அத்தா உண்டு. அங்கே இளையவர்கள், தங்களைப் பெறாத பெரியவர் ஒருவரைப் பிரியமாக அழைக்கும் சொல்.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று மாலையே கடைக்கு வந்தேன். “ஜப்பான்காரன் தண்ணிய மிஸுன்றான்பா” என்றீர்கள். குறித்துக்கொள்கிறேன் மாமா என்றேன்.

என்னைப் பெற்றவரின் முகம் எனக்கு நினைவில்லை. ஃபோட்டோவில் இருப்பவர் ஃபோட்டோவில் இருக்கிறார், அவ்வளவுதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல் ஒன்று. அதையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டால் அவருக்கு என்ன இருக்கும்? ஆறு வயதுக்காரனின் பயம். வளர்ந்து, படித்து, மாநாட்டில் கட்டுரை வாசித்த பிறகும் அந்தப் பயத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். இத்தனை மொழிகளுக்குப் போதுமான ஒரு சொல் இரண்டு பேருக்குப் போதாதா?

செங்கல்பட்டு, நம் சொந்த ஊர். பள்ளிவாசல் முற்றம். உங்களை அடக்குவதற்கு முன் தொழும் ஜனாஸா தொழுகைக்கு வரிசைகள் நின்றுவிட்டன. நம் வழக்கப்படி பிள்ளை முன்னால் வந்து பேச வேண்டும். என் அத்தா யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று. அழுதுகொண்டு நிற்கும் எத்தனை பிள்ளைகளை நீங்களே தோளில் தட்டி முன்னால் அனுப்பியிருக்கிறீர்கள்.

“மகன் யாருப்பா? முன்னாடி வாங்க” என்றார் தொழவைக்கும் ஹஜ்ரத்.

கையில் மைக். மாமா என்றால் ஊர் என்னைப் பார்க்கும். அத்தா என்றால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை.

“இவரு யாருக்காவது…” என்று ஆரம்பித்தேன்.

வரிசையிலிருந்து ஒரு பெரியவரின் குரல். “இவருன்னா யாருப்பா? ரோட்ல போறவரா?”

“ஜனாப் கமாலுதீன் அவர்கள்” என்றேன். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பது மாதிரி.

உங்கள் அக்கா, அதாவது எங்கள் குப்பியின் வீடு பள்ளிவாசலை ஒட்டினாற்போல. நஸ்ரீன் அங்கே ஜன்னலோரம் நின்றிருக்கிறாள். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது.

அடுத்த வாரம் நான் செய்தது இன்னும் மோசம். அவளைச் சமாதானப்படுத்தக் கிரேக்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பெத்தவர் இல்லன்னாலும் அப்படிக் கூப்பிட்டிருக்காங்க நஸ்ரீன். அந்தக் காலத்திலேயே.”

அவள் தலை நிமிரவில்லை. “அப்போ கிரேக்கத்துலயே கூப்ட்டிருக்கலாமே அண்ணே. அத்தாவுக்கு இன்னா புரியப்போவுது. அதுவும் தண்ணின்னு நெனச்சிகினு இருந்திருப்பாரு.”

என் தலைப்பு அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவள் உங்களிடம் சொல்லியிருப்பாளா? அவளிடம் கேட்கத் தைரியமில்லை. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொருவரிடமும் பாட்டிலைத் தூக்கிக் காட்டினீர்களா?

நேற்று ஹஜ்ரத்தைப் பார்த்தேன். ஜும்ஆ முடிந்ததும் ஒரு நிமிடம் மைக் வேண்டும் என்றேன்.

“எதுக்குப்பா?”

“ஜனாஸா அன்னிக்கு சொல்றதச் சொல்லணும்.”

“அது ஒருக்கா சொன்னா போதும். ரெண்டாவது வாட்டி யாரும் சொல்றதில்ல.”

“மொத வாட்டி நான் சொல்லல ஹஜ்ரத்.”

தாடியைத் தடவினார். “இத மொதல்ல அவர்கிட்டதான சொல்லியிருக்கணும்” என்றார். திட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. பிறகு, “வெள்ளிக்கிழம வா. சுருக்கமா சொல்லு. வெயில்ல ஜனம் நிக்கும்.”

வந்து நஸ்ரீனிடம் சொன்னேன். சாவிகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்தாள்.

“இப்ப கூப்ட்டு இன்னா ஆவப்போவுது?”

“ஒண்ணும் ஆவாது.”

“அது தெரிஞ்சா சரி.” உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். “பள்ளிக்கு நான் வர முடியாது. குப்பி வூட்டு ஜன்னல தொறந்து வெக்கிறேன். அவ்ளோதான்.”

உங்களுக்குக் கேட்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கபர்ஸ்தானுக்குப் போவேன். நீங்களும் என்னைப் பெற்றவரும் ஒரே மண்ணில்தானே இருக்கிறீர்கள். அவரிடம் அனுமதி கேட்கப் போவதில்லை, சொல்லிவிட்டு வருவேன். அப்புறம் தொழுகை. அப்புறம் மைக். என் அத்தா என்று தொடங்குவேன். நாக்கு ஒட்டிக்கொண்டால் நிற்பேன். வரிசையில் யாராவது இருமினால் இருமட்டும். வெயில் ஏறினால் ஏறட்டும். சொல் வெளியே வரும்வரை மைக்கைத் திருப்பித் தரமாட்டேன்.

உங்கள் மூத்த மகன்,
நஸ்ரீனுக்கு அண்ணன்,
அன்வர்