கதையுங்கோ, சத்தம் வராது

2024 ஜூன் 9, ஞாயிறு

நான் வேலை செய்கிற பாமசிக்கு லீவு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சுவர்ணா மச்சாள் கனடாவிலிருந்து வீடியோவில் வந்துவிட்டா. என்ரை புருசன் கஜீபனின் அக்கா. என்ரை எண்ணெய்த் தலையைக் கண்டதாகவே காட்டவில்லை, நேரே விஷயம்தான்.

"லோயர் சொல்லிப்போட்டார் தர்சினி. போன முறை விசா மறுத்ததுக்குப் படந்தான் காரணமாம். எல்லாம் மாலையும் மணவறையுமாக் கிடக்கு. புருசன் பெஞ்சாதி சும்மா நிண்டு சிரிக்கிற மாதிரி ஒண்டையும் காணேல்லையாம். தம்பி நாளையிண்டைக்கு வந்திடுவான். ரெண்டு பேரும் யாழ்ப்பாணம் ரவுனிலை ஒரு ஹோட்டலிலை நிண்டு, சுத்தித் திரிஞ்சு, வடிவாப் படம் எடுத்து பேஸ்புக்கிலை போடுங்கோ. எல்லாத்தையும் ஒரே நாளிலை போட்டிடாதேங்கோ, என்ன?"

ஓம் என்றேன். போன வருடம் கலியாணம் முடிந்த கையோடு அவர் திரும்பிப் போய்விட்டார். சும்மா நின்று சிரிப்பதற்கு எங்கே நேரம் இருந்தது?

நெல்லியடியில் இருக்கிறவள் யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா போகிறேன். பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும் தூரம். கண்டறியாத சுற்றுலா.

ஜூன் 11

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். எனக்கு ஒரு சென்ற் போத்தல், தங்கச்சி நிவேதனாவுக்குச் சொக்கிளேற், அப்பாவுக்கு ரோச் லைற்.

"எப்பிடி இருக்கிறீர்?"

"இருக்கிறன்."

அதற்குப் பிறகு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பற்றிக் கதைத்தோம். இந்த முறை காய்ப்புக் குறைவு என்பதில் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம். அம்மா குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தா. சந்தோஷமாம்.

ஜூன் 14, வெள்ளி

யாழ்ப்பாணம். ஹோட்டல் அறை. அவர் பல்கனியில் நின்று போன் கதைக்கிறார். நான் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இன்றைக்கு நிறைய எழுத இருக்கிறது.

படம் எடுக்கிறவள் எங்கள் கோபிகா. சின்னம்மாவின் மகள், நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் கணக்குப் படிப்பிக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் இன்ஸ்டாதான். அவள் போடும் படத்துக்கு லண்டனில் இருந்தெல்லாம் லைக் வரும். காலையிலேயே ஓட்டோவோடு வந்து நின்றாள். என்ரை பையைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் பட்டுச் சீலை! அக்கா, நீங்கள் கோயிலுக்கோ வந்தனீங்கள்? அத்தான், உங்களிட்டை ரீசேட் கனக்க இருக்குத்தானே? இடத்துக்கு ஒண்டு மாத்துங்கோ. மணிக்கூட்டையும் கழட்டுங்கோ. எல்லாப் படத்திலையும் ஒரே மணிக்கூடு இருந்தா ஒரே நாளிலை எடுத்தது எண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள்."

அவள்தான் லோயர் போல. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு உடுப்பு, நூலகத்தின் முன்னால் ஒரு உடுப்பு, நல்லூரில் ஐஸ்கிறீம் கடையில் ஒரு உடுப்பு. அவர் ஓட்டோவுக்குள்ளேயே சேட்டு மாற்றினார். நான் சுடிதாருக்கு மேல் சால்வையை மட்டும் மாற்றி மாற்றிச் சமாளித்தேன். ஐஸ்கிறீமைத் தின்ன விடவில்லை. கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் அப்படியே பிடிக்க வேண்டுமாம். உருகிக் கையெல்லாம் வழிந்தது.

முதல் எடுத்த படங்கள் எல்லாம் பாஸ்போட் படம் மாதிரி. இரண்டு பேரும் கமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறோம். கோபிகாவுக்குக் கொதி வந்துவிட்டது.

"கமராவைப் பாக்காதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்! ஆளை ஆள் பாருங்கோ. பாத்துக் கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டார் அவர். பகிடிக்குக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரியாமல் கேட்டார்.

"எதையாவது கதையுங்கோ அத்தான். படத்திலை சத்தம் வராது தானே. மரக்கறிப் பேரைச் சொல்லுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்து, நல்ல மரியாதையாக, "கத்தரிக்காய்" என்றார்.

"வெண்டிக்காய்" என்றேன்.

"புடலங்காய்."

"அது எனக்குப் பிடிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. உண்மையான சிரிப்பு. அவர் சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் சுருங்கும் என்று இன்றைக்குத்தான் கண்டேன். பின்னேரம் முழுக்க மரக்கறிதான். பூசணிக்காய், பயற்றங்காய், முருங்கைக்காய். ஐஸ்கிறீம் கடைக்காரர் எங்களை விசர் என்று நினைத்திருப்பார்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. கட்டின புருசனைப் பிடித்திருக்கிறது என்று ஒருத்தி எழுதி வைக்க வேண்டியிருக்கு, பாருங்கோவன்.

அவர் இன்னும் கதைத்து முடியவில்லை. வேலையிடத்துப் போன் கோலாம்.

ஜூன் 15, சனி

இண்டைக்கு எழுத்து வடிவா வராது.

பின்னேரம் கோட்டைக்குப் போனோம். வெயில் சாயும் நேரம்தான் முகத்துக்கு நல்லது என்று கோபிகா எங்களைக் கெதிப்படுத்தினாள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. தலைமயிர் பறந்தால் நல்லதாம், கட்ட வேண்டாமாம். எங்கள் இருவரையும் மதிலில் இருத்திவிட்டு அவள் தூரப் போனாள். கடல் முழுவதும் பின்னால் வரவேண்டுமாம். அங்கிருந்து கையைக் காட்டி, "கதையுங்கோ!" என்று கத்தினாள்.

நான் தொடங்கினேன். "கத்தரிக்காய். வெண்டிக்காய்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "தர்சினி, எனக்கு அங்கை ஒராள் இருக்கு" என்றார்.

"பூசணிக்காய்" என்றேன். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் காதுக்குள் போனது.

"நாலு வருசமா. ஒரே வீட்டிலைதான் இருக்கிறம். அங்கை அம்மாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்."

"சூப்பர் அத்தான்! அக்கான்ரை கையைப் பிடியுங்கோ!"

பிடித்தார். அவருடைய கை குளிர்ந்து போய்க் கிடந்தது.

"நீர் என்னை வேண்டாமெண்டு சொல்லும். நான் சொன்னா அம்மா திரும்பவும் சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடப்பா. ஒருக்கா அப்பிடிக் கிடந்து ஆசுப்பத்திரி மட்டும் போனவ. அதுக்குப் பிறகுதான் கலியாணத்துக்கு ஓம் எண்டனான். நீர் சொன்னா ஒருதரும் ஒண்டும் செய்ய ஏலாது."

"அக்கா குனியாதேங்கோ! சிரியுங்கோ அக்கா!"

சிரிச்சன். நாசமாப் போவாள், சிரி எண்டவுடனை சிரிச்சன். அவள் சொன்னா நான் ஏன் சிரிக்கவேணும்? எழும்பி நடந்திருக்கலாம். மதிலிலை இருந்து தள்ளி விட்டிருக்கலாம். ஒண்டும் செய்யேல்லை. கையைக் கூட இழுக்கேல்லை. அவள் "காணும், எடுத்து முடிஞ்சுது!" எண்டு சொல்லுமட்டும் அப்பிடியே இருந்தன்.

அறைக்கு வந்த பிறகு கேட்டன். "இஞ்சை ஒரே றூமுக்குள்ளைதானே இருந்தனாங்கள். இஞ்சை சொல்ல வாய் வரேல்லையோ?"

"இஞ்சை எண்டா நீர் அழுவீர்" என்றார். "அங்கை எண்டா நீர் சிரிச்சுக்கொண்டு இருப்பீர் எண்டு தெரியும்."

எட கடவுளே.

ஜூன் 16

வீட்டுக்கு வந்துவிட்டோம். கோபிகா படத்தைப் போட்டுவிட்டாள். கோட்டைப் படம். எடுத்ததற்குள் அதுதான் திறம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டதாம்.

பார்த்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. அதுதான் ஆத்திரம். கடல் மஞ்சளாய்க் கிடக்க, அவர் என் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல, நான் பாதி குனிந்து சிரிக்கிறேன். கண் கலங்கினதும் வெயில் பட்டு மினுங்குகிறது. நேற்று முன்தினம் நாங்கள் மெய்யாகச் சிரித்த படங்களில் இரண்டு பேருக்கும் பல்லுத்தான் தெரிகிறது.

"அதை எடுத்துவிடடி" என்று போன் பண்ணிச் சொன்னேன்.

"உங்களுக்கு விசரோ? நாடு முழுக்க ஷெயர் பண்ணுது. எல்லா ஃபிரெண்ட்சும் இப்பிடி ஒரு அத்தான் வேணுமெண்டு கேக்கினம்."

ஜூன் 19

அவர் போய்விட்டார். வாசலில் எல்லோரும் நிற்கும்போது என்னைப் பார்த்தார். சொல்லுவீர்தானே என்று கேட்கிற பார்வை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 23

நான் சொல்லுறதாம்!

எப்பிடிச் சொல்லுறது? கழுத்திலை தாலி கிடக்கு. நான் வேண்டாம் எண்டாலும் ஊர் என்ன சொல்லும், கட்டினவன் விட்டிட்டான் எண்டுதானே சொல்லும். அப்பா சந்தையிலை மீன் விக்கிறவைக்குக் கூட மகள் கனடா போறாள் எண்டு சொல்லி முடிச்சிட்டார். நிவேதனாவைப் பொம்பிளை கேட்டு வந்த பகுதி, மூத்தவள் போய்ச் சேரட்டும் எண்டு காத்திருக்கு. அது குழம்பினா அவள் என்ரை முகத்திலை முழிப்பாளோ? அவர் ஆம்பிளை, படிச்ச ஆள், அங்கை உழைக்கிற ஆள். தாய்க்கு முன்னாலை வாய் திறக்க ஏலாத மனிசன் என்னை ஊருக்கு முன்னாலை திறக்கச் சொல்லுறார்.

ஒரு நேரம் சரியான கொதி வருகுது. இன்னொரு நேரம், நாலு வருசமா அங்கை ஒருத்தி என்ன பாடுபடுவாள் எண்டு யோசனை வருகுது. என்ரை படத்தை அவளும் பாத்திருப்பாளோ? லைக் போட்டிருக்க மாட்டாள்.

ஓகஸ்ட் 4

அம்மாவிடம் சொல்லத் தொடங்கினேன். "அம்மா, அவருக்கு அங்கை..." என்றேன். "அங்கை குளிர் எண்டு தெரியும் பிள்ளை, சுவெற்றர் வாங்கலாம்" என்றா.

விட்டுவிட்டேன்.

நவம்பர் 20

கொழும்பில் விசா நேர்முகம் முடிந்து வந்தாகிவிட்டது. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர். அப்பா வெளியே மர வாங்கில் பிளாஸ்கோடு இருந்தார்.

எல்லாம் சாதாரணக் கேள்விகள். அவருடைய வேலை, என்ன கறி பிடிக்கும், கடைசியாக எப்போது கதைத்தீர்கள். முடியும் தறுவாயில் அந்தப் பெண் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினா. கோட்டைப் படம். ஏதோ சொல்லிச் சிரித்தா.

மொழிபெயர்க்கிறவர் சொன்னார்: "இந்தப் படம் மிகவும் இயல்பாக இருக்கிறது என்கிறார். இதில் உங்கள் கணவர் உங்களிடம் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று கேட்கிறார்."

இவ்வளவு மாதமும் ஒருவரும் கேட்காத கேள்வி. கேட்டது முன்பின் தெரியாத ஒரு பெண். நான் வாய் திறந்தால் போதும். கோட்டையில் அவர் கேட்டதும் அதைத்தான், எனக்கு நல்லதும் அதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா செருமினது கேட்டது.

"மரக்கறி" என்றேன். "மரக்கறி கதைச்சவர்."

மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தா. தானும் புருசனும் அப்படித்தானாம்.

2025 பெப்ரவரி 18

விசா வந்துவிட்டது.

அப்பா செல்வச்சந்நிதி முருகனுக்குப் பொங்கல் வைக்கக் காலையிலேயே தொண்டைமானாற்றுக்குப் போய்விட்டார். நிவேதனா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுடைய விஷயம் வைகாசியில் சரிவரும். அம்மா கோட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பிறேம் போட்டு, சாமி அறைக்குப் போகிற வழியில் மாட்டியிருக்கிறா. கும்பிடப் போகிற நேரமெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கோட்டையில் அந்த மதிலில் இப்போது சோடிகள் காத்து நின்று படம் எடுக்கிறார்களாம். கோபிகா பெருமையாகச் சொன்னாள்.

பின்னேரம் அவர் வீடியோவில் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ஏன் சொல்லேல்லை?" என்று மெல்லமாகக் கேட்டார்.

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

அவருக்குப் பின்னால் ஒரு கதவு சாத்துப்பட்டது. மாமியோ, அந்தப் பெண்ணோ, எனக்குத் தெரியாது. அதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளடியில் நின்றா.

"என்ன ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறியள்? கதையுங்கோவன்."

நான் திரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"கத்தரிக்காய்" என்றார்.

"வெண்டிக்காய்" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுகள் இப்பவே கறி கதைக்குதுகள், கேட்டியே பிள்ளை" என்று நிவேதனாவிடம் சொல்லப் போனா.

அம்மா போன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. அவர் பூசணிக்காய் என்றார். நான் பயற்றங்காய் என்றேன்.